ஊரா, காலனியா?

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகி இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. சமூகத்தோடு வாழ்வது மனநோயாளியின் உரிமை என்கிறது அதன் 19ஆம் பிரிவு. நல்ல சட்டம்தான்.

ஆனால் சமூகம் என்று இங்கே ஒன்றா இருக்கிறது? ஊர் இருக்கிறது, காலனி இருக்கிறது. பிச்சாவரம் பக்கம், கழியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களை இரண்டிலும் சேர்ப்பதில்லை.

மனச்சிதைவுக்கு மாத்திரை மட்டும் போதாது. யாராவது வீட்டுக்குள் வந்து உட்கார வேண்டும். தூங்கினாரா, சாப்பிட்டாரா என்று கேட்க வேண்டும். கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடிக்க வேண்டும். வருகிறவர் காலனிப் பெண் என்றால் ஊர்த்தெரு அவரைத் திண்ணையோடு நிறுத்தும். ஊர்க்காரர் என்றால் காலனி முனையில் நின்றபடி பெயரைக் கூப்பிடுவார். இதற்குப் பெயர் பராமரிப்பா?

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுபோகிறது. அலைகிற பெண்களுக்குக் கிடைப்பதோ ஊக்கத்தொகை. மனநலப் பணிக்கும் அதே ஏற்பாடு வேண்டாம். இருளர், தலித் குடியிருப்புகளிலிருந்தே ஆளெடுத்து, நிரந்தர ஊதியம் கொடுங்கள். அவர்களைத் திண்ணையில் நிறுத்துகிற தெருவை மருத்துவத்துறை என்ன செய்யும் என்பதையும் பணி ஆணையிலேயே எழுதுங்கள்.