ரெய்டு யார் வீட்டுச் சொத்து?

‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டைக் கெடுத்தது ‘ரெய்டு ஃபைண்டர்’தான் என்று நண்பர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். அவருடைய குற்றப்பத்திரிகையின் சாரம் இது: ஒரு காலத்தில் ரெய்டுக்கு, அதாவது பெரிய குழுவாகச் சேர்ந்து பெரும் எதிரிகளை வீழ்த்தும் படையெடுப்புக்குப் போக வேண்டுமென்றால் நாலு பேரிடம் பேச வேண்டும், கில்ட் என்ற ஆட்டக்காரர் சங்கத்தில் சேர வேண்டும், நல்ல பெயர் எடுக்க வேண்டும். இன்றைக்கு ஒரு பட்டனைத் தட்டினால் போதும். முன்பின் தெரியாத இருபத்து நான்கு பேரோடு டிராகனுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. அதனால் நட்பு செத்தது, சாதனை மலிந்தது, ஆடுபவர்கள் ஓடிப்போனார்கள். உண்மையிலேயே ஆசை இருப்பவனுக்குக் கில்ட் கிடைக்காமல் போகாது. கிடைக்காதவன் ரெய்டுக்கு லாயக்கில்லாதவன்.

கடைசி வரியில்தான் கட்டுரையின் சாயம் வெளுக்கிறது. அதற்கு முன்னால் உள்ள புலம்பல் முழுவதும் அந்த வரியைக் கூச்சமில்லாமல் சொல்வதற்கான சுற்றிவளைப்பு. இருந்தாலும் புலம்பலுக்கும் பதில் சொல்லிவிடலாம்.

முதலில் கணக்கு. ஐந்து பேர் கொண்ட குழுவைத் தானாகச் சேர்த்துவைக்கும் ‘டஞ்சன் ஃபைண்டர்’ 2009 டிசம்பரில் வந்தது. நண்பரின் வாதப்படி அன்றே வீழ்ச்சி தொடங்கியிருக்க வேண்டும். நடந்தது வேறு. சந்தாதாரர் எண்ணிக்கை 1 கோடியே 20 லட்சம் என்ற உச்சத்தைத் தொட்டுவிட்டதாக பிளிஸார்ட் நிறுவனம் அறிவித்தது 2010 அக்டோபரில். சரிவு அடுத்த ஆண்டுதான் ஆரம்பித்தது: 2011 மார்ச் இறுதியில் 1 கோடியே 14 லட்சம், ஜூன் இறுதியில் 1 கோடியே 11 லட்சம், செப்டம்பர் இறுதியில் 1 கோடியே 3 லட்சம். ரெய்டு ஃபைண்டர் அறிமுகமானது அந்த ஆண்டு நவம்பர் 29 அன்று, 4.3 பேட்ச்சில். அதாவது, 17 லட்சம் பேர் போன பிறகு வந்து சேர்ந்த ஒரு வசதியின் மேல், அவர்களைத் துரத்திய பழியைப் போடுகிறார் நம் கட்டுரையாளர்.

இன்னொன்றையும் அவர் கவனித்திருக்கலாம். சரிவு நடந்த அந்த 2011, ‘கேட்டகிளிசம்’ ஆண்டு. ஹீரோயிக் டஞ்சன்களை வேண்டுமென்றே கடினமாக்கிக்கொண்டு வந்த விரிவாக்கம் அது. அவர் ஏங்கும் கஷ்டம் அந்த வருஷம் தாராளமாகவே கிடைத்தது. கஷ்டம் தாங்காமல்தான் எல்லாரும் போனார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. லட்சக்கணக்கானவர்கள் ஒரு விளையாட்டை விட்டு விலகப் பல காரணங்கள் இருக்கும். ஆனால், எல்லாம் சுலபமாகிவிட்டதால் போனார்கள் என்று சொல்வதற்குக் காலண்டர் இடம்கொடுக்கவில்லை.

அடுத்தது, அந்தப் பொற்காலம். ஆட்களிடம் பேசிப் பழகி ரெய்டுக்குப் போனார்களாம். 2009, 2010-இல் விளையாட்டின் டலாரான் நகரத்தில் நின்றுகொண்டு ட்ரேட் சாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்தப் பேச்சின் லட்சணம். ஐஸ்கிரவுன் சிட்டடெல் 25 பேர் ரெய்டுக்கு ஒரு ஹீலர் தேவை, கியர்ஸ்கோர் இவ்வளவுக்கு மேல் இருக்க வேண்டும், அச்சீவ்மென்ட் லிங்க் இல்லாதவர்கள் மெசேஜ் அனுப்ப வேண்டாம். இதுதான் நட்பின் முதல் வாசகம். நம் உடுப்பையும் ஆயுதத்தையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டும் ஆட்-ஆன் கியர்ஸ்கோர். அச்சீவ்மென்ட் என்பது அந்த பாஸை நாம் ஏற்கெனவே கொன்றிருக்கிறோம் என்பதற்கான சான்று. பாஸைக் கொல்லப் போக வேண்டுமென்றால் முன்பே கொன்றிருக்க வேண்டும். ‘முன் அனுபவம் உள்ளவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்’ என்ற வேலைவாய்ப்பு விளம்பரத்தைப் பார்த்துத் திகைத்து நின்ற எந்தப் பட்டதாரிக்கும் இந்தச் சுழல் புரியும். கடைசியில், பொய்யான அச்சீவ்மென்ட் லிங்க் தயாரித்துக் காட்டும் ஆட்-ஆன்கள்கூடப் புழக்கத்துக்கு வந்தன. நண்பர் கண்ணீர் விடும் சமூகம் இப்படிப் போலிச் சான்றிதழ் வரைக்கும் முன்னேறியிருந்தது. அப்போது ரெய்டு ஃபைண்டர் பிறக்கவே இல்லை.

அதற்கும் முந்தைய காலம்தான் நிஜமான பொற்காலம் என்று அவர் பின்வாங்கலாம். சரி, அங்கேயும் போவோம். 2004-இல் விளையாட்டு வெளிவந்தபோது மோல்டன் கோருக்கு 40 பேர் வேண்டும். நாற்பது பேரை ஒரே இரவில், ஒரே நேரத்தில், மூன்று நான்கு மணி நேரம் உட்காரவைக்கக் கில்ட்கள் வருகைப் பதிவேடு போட்டன. வந்தவர்களுக்குப் புள்ளி, தாமதித்தவர்களுக்கு அபராதம். அந்த டிகேபி முறையே எவர்க்வெஸ்ட் காலத்துச் சரக்கு. 2006-இல் நக்ஸ்ராமஸ் திறந்தது. அதன் உள்ளே போய்ப் பார்த்தவர்கள் மிகச் சொற்பம். அவ்வளவு உழைப்பையும் வீணாக்க மனமில்லாமல்தான் பிளிஸார்ட் அதே நக்ஸ்ராமஸை 2008-இல் ‘லிச் கிங்’ விரிவாக்கத்தின் முதல் ரெய்டாக, 10 பேருக்கும் 25 பேருக்குமாகத் திருத்தி மறுபடி வெளியிட்டது. பொற்காலத்தில் கோட்டை இருந்தது; பெரும்பாலானவர்கள் கோட்டைச் சுவரைத்தான் பார்த்தார்கள்.

‘ஆசை இருந்தால் கில்ட் கிடைக்கும்’ என்ற உபதேசத்துக்கு வருகிறேன். இந்த விளையாட்டுக்கு இந்தியாவில் சர்வர் கிடையாது. ஐரோப்பிய சர்வரில் ஒரு கில்ட் இரவு எட்டு மணிக்கு ரெய்டு வைத்தால், குளிர்காலத்தில் நமக்கு அது நள்ளிரவு பன்னிரண்டரை. அமெரிக்கக் கிழக்குக் கரையின் எட்டு மணி அப்போது நமக்கு மறுநாள் காலை ஆறரை. சிட்னியின் எட்டு மணியோ நமக்கு நடுப்பகல் தாண்டிய ஆபீஸ் நேரம். சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் ஒருவர் வாரத்தில் மூன்று நாள் விடிய விடியக் கண்விழித்தால்தான் ‘உண்மையான ஆசை’ நிரூபணமாகும் என்றால், அந்தப் பரீட்சை அவருடைய திறமையைச் சோதிக்கவில்லை. எந்தத் தீர்க்கரேகையில் பிறந்தார் என்று பார்க்கிறது. ஊரைத் தாண்டியும் யோசிக்கலாம். மாறி மாறி ஷிஃப்ட் பார்க்கும் நர்ஸ், கைக்குழந்தை எப்போது எழும் என்று தெரியாத தாய் இவர்களெல்லாம் கில்டின் கால அட்டவணைக்குள் அடங்க மாட்டார்கள். கில்ட்கள் வருகையில் கண்டிப்பாக இருப்பதில் தவறில்லை; இருபது பேரின் நேரத்தை ஒருவர் வீணாக்க முடியாது. ஆனால் அட்டவணைக்குள் வராதவரை லாயக்கில்லாதவர் என்று எழுதுவதற்கு ஒரு தனித் திமிர் வேண்டும். அவர்களும் அதே மாதச் சந்தாவைத்தான் கட்டுகிறார்கள். கேட்டகிளிசம் பெட்டியின் அட்டையில் வில்லன் டெத்விங்கின் படத்தைப் போட்டு எல்லாரிடமும் காசு வாங்கிவிட்டு, கதையின் முடிவை ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும் காட்டுவது எந்த ஊர் நியாயம்?

சாதனை மலிந்துவிட்டது என்ற குறை எனக்குப் புரியவேயில்லை. டிராகன் சோல் ரெய்டில், ஃபைண்டர் வழியாகப் போனவருக்குக் கிடைத்த பொருளின் லெவல் 384. நார்மலில் 397. ஹீரோயிக்கில் 410. மூன்றும் வெவ்வேறு கடினம், வெவ்வேறு பரிசு. 2014-இல் மித்திக் என்ற கடினநிலை வந்தது: சரியாக 20 பேர், தானாகச் சேர்த்துவிடும் எந்த வசதியும் கிடையாது. இன்றைக்கும் அப்படித்தான். 2022-இல் ‘செபல்கர்’ ரெய்டின் மித்திக் கடைசி பாஸான ஜெய்லரை உலகில் முதலில் வீழ்த்த எக்கோ அணிக்கு 18 நாள் ஆனது. உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் வேறு வேலை பார்க்காமல் உட்கார்ந்து ஆடிய 18 நாள். அதே ஜெய்லரை ரெய்டு ஃபைண்டரில் கொன்ற ஒருவரும் தன்னை எக்கோவுக்குச் சமம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. உச்சி இருந்த இடத்திலேயே இருக்கிறது. அடிவாரத்தில் கொஞ்சம் பேர் வந்து நின்று அண்ணாந்து பார்ப்பது மேலே இருப்பவருக்கு ஏன் வலிக்கிறது என்பதைக் கட்டுரையாளர்தான் விளக்க வேண்டும். தான் போனதில் கிடைத்த சந்தோஷம் போதாமல், அடுத்தவன் போக முடியாததில்தான் சந்தோஷம் என்றால், அதற்கு விளையாட்டில் மருந்து கிடையாது.

‘கிளாசிக்’ சர்வர்களை அவர் தம் துருப்புச் சீட்டாக இறக்குகிறார். 2019 ஆகஸ்டில் வந்த அந்தப் பழைய பதிப்பில் ஃபைண்டர் இல்லை, அங்கே சமூகம் தழைத்தது என்கிறார். அங்கே நல்ல கில்ட்கள் இருந்தன, உயிர் நட்புகளும் உண்டாகின, மறுக்கவில்லை. அவர் எழுதாமல் விட்ட மிச்சத்தை நான் எழுதுகிறேன். வெளிவந்த ஒரே வாரத்துக்குள் மோல்டன் கோரின் கடைசி பாஸ் ராக்னரோஸ் விழுந்துவிட்டான். பிறகு என்ன ஆயிற்று? வார்கிராஃப்ட் லாக்ஸ் தளத்தில் உன் புள்ளிவிவரம் என்ன என்று கேட்டுவிட்டுத்தான் இன்வைட் வந்தது. அதற்கும் மேலே போய் ஜிடிகேபி ரெய்டுகள் பெருகின: பாஸ் விழுந்ததும் பொருளை ஏலம் விடுவார்கள், அதிகத் தங்கம் கொடுப்பவருக்கு அது, சேர்ந்த தங்கத்தை எல்லாரும் பங்கிட்டுக்கொள்வார்கள். அந்தத் தங்கத்தில் எவ்வளவு நிஜப் பணத்துக்கு வாங்கியது என்ற கேள்வி ஏலத்தின் பின்னாலேயே வந்தது. கடைசியில் பிளிஸார்டே தலையிட்டு, 2024 பிப்ரவரியில் ‘சீசன் ஆஃப் டிஸ்கவரி’ சர்வர்களில் ஜிடிகேபியைத் தடை செய்தது. பட்டன் இல்லாத புண்ணிய பூமியில் ஏலக்கடை எப்படி முளைத்தது? கட்டுரையில் இதைப் பற்றி மூச்சு இல்லை.

அதே கிளாசிக் வரிசையில் ‘லிச் கிங்’ பதிப்பு 2022-இல் வந்தபோது, சமூகம் கெட்டுவிடும் என்ற இதே காரணத்துக்காக டஞ்சன் ஃபைண்டரை விட்டுவிட்டார்கள். 2023-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். ‘டெஸ்டினி’ விளையாட்டிலும் இதே கதை. 2014-இல் ‘வால்ட் ஆஃப் கிளாஸ்’ ஆறு பேர் ரெய்டைத் திறந்த பன்ஜி நிறுவனம், ஆள் சேர்க்கும் வசதி எதையும் உள்ளே வைக்கவில்லை. நண்பர்களோடு வாருங்கள் என்றது. நண்பர்கள் இல்லாதவர்கள் விளையாட்டுக்கு வெளியே தாங்களாகவே தளங்கள் அமைத்து ஆள் தேடிக்கொண்டார்கள். ரெய்டுக்கு ஆள் தேடும் ‘ஃபயர்டீம் ஃபைண்டர்’ ‘டெஸ்டினி 2’ விளையாட்டுக்குள்ளேயே வந்தது 2023 இறுதியில். நண்பரின் கொள்கையைப் பரிசோதித்துப் பார்த்தவர்கள் எங்கே வந்து நின்றார்கள் என்று பாருங்கள்.

ரெய்டு ஃபைண்டர் ஒரு சொர்க்கம் என்று நான் வாதாடவில்லை. இரண்டு முறை வைப் ஆனால், அதாவது மொத்தக் குழுவும் செத்தால், பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். புதியவர் ஒருவர் தவறு செய்தால் சொல்லிக்கொடுப்பவரைவிடக் கிக் ஓட்டுப் போடுபவர் முந்திக்கொள்வார். ஆரம்பத்தில் தனக்கு வேண்டாத பொருளுக்கும் தேவை என்று ‘நீட்’ போட்டு அள்ளிப் போனவர்கள் இருந்தார்கள். 2012-இல் அவரவர் பங்கு அவரவருக்கு என்று லூட் முறையை மாற்றியதும் அந்தச் சண்டை அடங்கியது. அந்த மாற்றத்திலேயே விஷயம் இருக்கிறது. விதி மோசமாக இருந்தது, திருத்தினார்கள், நடத்தை மாறியது. முன்பின் தெரியாதவர்களைச் சேர்த்துவைத்தாலே பகைதான் விளையும் என்பது உண்மையானால், ‘ஃபைனல் ஃபேன்டஸி 14’ இந்நேரம் போர்க்களமாக இருந்திருக்க வேண்டும். 2013-இல் புது அவதாரம் எடுத்த நாளிலிருந்தே அதில் ‘டியூட்டி ஃபைண்டர்’ உண்டு. 24 பேர் போகும் அலையன்ஸ் ரெய்டுகளுக்கும் அதே வழிதான். ‘கிரிஸ்டல் டவர்’ ரெய்டுகளை 2020-இல் முதன்மைக் கதையின் கட்டாயப் பகுதியாகவே ஆக்கிவிட்டார்கள். குழுவில் முதல்முறை வருபவர் ஒருவர் இருந்தால் மற்ற எல்லாருக்கும் கூடுதல் பரிசு கிடைக்கும். அதனால் புதியவர் சுமையாகத் தெரிவதில்லை. முடிந்ததும் யாராவது ஒருவரைப் பாராட்டி ஓட்டுப் போடலாம்; கூடவே கூட்டிவந்த நண்பருக்குப் போட முடியாது, அந்நியருக்குத்தான் போட வேண்டும். புதியவர்களிடம் பண்பாக நடப்பவர்கள் என்று அந்த விளையாட்டின் ஆட்கள் பெயர் வாங்கியிருக்கிறார்கள். அங்கேயும் பட்டன்தான், அங்கேயும் அந்நியர்கள்தான்.

ஆகவே நண்பரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் கில்டும் உங்கள் மித்திக்கும் அப்படியே உங்களோடு இருக்கின்றன. யாரும் தட்டிப் பறிக்கவில்லை. சமூகம் செத்துவிட்டது என்று அடுத்த கட்டுரையை எழுதும் முன் ஒரு சனிக்கிழமை ரெய்டு ஃபைண்டரில் கியூ போடுங்கள். இரண்டு டாங்க், ஐந்தாறு ஹீலர், மீதிப் பேர் டேமேஜ் என்று ஆட்கள் சேர்ந்ததும், பாஸ் தொடங்கும் முன் எங்கே நிற்க வேண்டும், எதிலிருந்து ஓட வேண்டும் என்று இரண்டு வரி சாட்டில் எழுதுங்கள். தடுமாறுகிறவரிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். நன்றாக ஆடியவரை உங்கள் கில்டுக்குக் கூப்பிடுங்கள். இதில் எதையும் அந்தப் பட்டன் தடுக்கவில்லை. இவ்வளவு நாளும் நீங்கள் செய்யாமல் இருந்ததற்கு அதைக் குற்றம் சொல்லாதீர்கள்.