தமிழ் கனமா, ஃப்ரேம்வொர்க் கனமா?

"தமிழ்ல வெச்சா அஜாக்ஸ் ரெஸ்பான்ஸ் பெருசாகுதுங்க, இங்கிலீஷ்லயே விட்டுடலாம்." பொட்டி தட்டுற இடங்கள்ல இந்த ஜல்லியை எத்தனை தடவை கேட்டுட்டேன்! மீட்டிங்ல எல்லாரும் தலையாட்டிடுவாங்க. கடைசியில, தமிழ் மட்டும் படிக்கத் தெரிஞ்ச மனுஷன் தன் ஊரையே இங்கிலீஷ் பட்டியல்ல தேடணும்.

கணக்கு போட்டுப் பாத்துடுவோமே. எங்க ஊர் பேரு ஆர்.கே.பேட்டை. புள்ளி, கொம்பு எல்லாத்தையும் யூனிகோடு தனித்தனியா எண்ணும், அப்படிப் பாத்தா 11 தமிழ்க் குறி. யுடிஎஃப்-8ல ஒவ்வொண்ணும் 3 பைட். நடுவுல இருக்கற ரெண்டு புள்ளியையும் சேத்தா மொத்தம் 35. (எல்லை தாண்டினா தெலுங்குக்கும் இதே 3 பைட்தான், அவங்களும் நம்ம கட்சி.) இதுவரைக்கும் தமிழ் கேக்கற இடம். சரி, ஒத்துக்கறேன்.

ஆனா பிஎச்பியோட ஜேசன் என்கோடு அதை அப்படியே அனுப்பாது. ஒவ்வொரு குறிக்கும் ஒரு பேக்ஸ்லாஷ், ஒரு யு, பின்னாடி நாலு எழுத்துன்னு 6 பைட் எழுதும். 35 இப்ப 68! லாரவெல்லும் இதைத்தான் கூப்பிடுது. பைத்தானோட ஜேசன் டம்ப்ஸும், அதை நம்பி நிக்கற ஜாங்கோவோட ஜேசன் ரெஸ்பான்ஸும் இதே கதைதான். இந்த ரெண்டாவது பங்கு தமிழோட கனமா? யாரோ போட்ட டீஃபால்ட்டு சாமி!

வழியில எவனாவது எழுத்தைக் கெடுத்துடுவான்னு பயந்து வெச்ச பழைய ஏற்பாடு இது. ஜேசனுக்கான ஆர்எஃப்சி 8259, சிஸ்டம் விட்டு சிஸ்டம் போற ஜேசன் யுடிஎஃப்-8ல தான் இருக்கணும்னு 2017லயே சொல்லிடுச்சு. இன்னும் என்ன பயம்? பிஎச்பியில யூனிகோடை அப்படியே விடச் சொல்ற ஆப்ஷன் 5.4லயே, அதாவது 2012லயே வந்தாச்சு. பைத்தான்ல 'என்ஷ்யூர் ஆஸ்கி'யை ஃபால்ஸ் ஆக்கணும். ஒரு வரி வேலை. ஜாங்கோ ரெஸ்ட் ஃப்ரேம்வொர்க் டீஃபால்ட்டாவே எழுத்தை எழுத்தா அனுப்புது, அவங்களுக்கு ஒண்ணும் குடி முழுகிடல.

"அதான் ஜிசிப் இருக்கே"ம்பாங்க. இருக்கு, இந்த வித்தியாசத்துல பெரும்பகுதியை அது அமுக்கிடும். ஆனா என்ஜின்எக்ஸ்ல ஜிசிப் டீஃபால்ட்டா ஆஃப். ஆன் பண்ணினாலும் எச்டிஎம்எல்லுக்கு மட்டும்தான், ஜேசனை நாமதான் பட்டியல்ல சேக்கணும். சேத்தீங்களா?

இவ்ளோ பேசறவங்க அனுப்பற ரெஸ்பான்ஸைத் திறந்து பாருங்க. டிராப்டவுனுக்கு வேண்டியது கிராமத்துப் பேரும் ஐடியும் மட்டும். வர்றதோ டேபிளோட எல்லா காலமும், ஒவ்வொரு வரியிலயும் 'திருவள்ளூர்' மாவட்டம், 'ஆர்.கே.பேட்டை' வட்டம். அந்த வட்டத்தைத் தேர்ந்தெடுத்துதானேய்யா ஆளு இந்தப் பட்டியலையே கேட்டாரு! அவர் அனுப்பினதையே அவருக்குத் திருப்பி நூறு தடவை அனுப்பிட்டு, பழி தமிழ் மேல.

எஃப்12 தட்டுங்க, நெட்வொர்க் டேபுக்குப் போங்க, மூல ரெஸ்பான்ஸைப் பாருங்க. பிரிவியூல பாக்காதீங்க, அங்க எல்லாம் அழகா தமிழாதான் தெரியும். மூலத்துல பேக்ஸ்லாஷ் மழையா இருந்துச்சுன்னா, தமிழைத் தூக்கறதுக்கு முன்னாடி அந்த ஒரு வரியை மாத்திட்டு வந்து பேசுங்க.