பழைய கமராவுக்கு மாற்றுப் பற்றரி: யார் பெயரில் விற்பது?

வெப்பத்தைப் படமாகக் காட்டும் கமரா என்றால் இராணுவத்தாருக்கு உரிய சாமான் என்றுதான் வியாபாரச் சகோதரர்களில் பலர் இன்னமும் நினைத்திருக்கிறார்கள். என் கடைக்கு அதைப் பற்றி விசாரித்து வருகிறவர்கள் வயரிங் வேலை செய்கிறவர்கள், குளிர் அறை வைத்திருக்கிறவர்கள், எல்லாரிலும் அதிகமாகக் கூரையில் சூரிய மின் தகடு பூட்டுகிறவர்கள். 2016 இல் அரசாங்கம் 'சூரியபல சங்கிராமய' திட்டத்தைத் தொடங்கிய பின் அந்தத் தொழில் வளர்ந்தது. பழுதான தகடும், சரியாக முறுக்காத வயர் முனையும் மற்ற இடங்களை விடச் சூடாகும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சூடு கமராவின் திரையில் பளிச்சென்று தெரியும்.

புதிய கமரா வாங்குவது சின்ன வேலைக்காரருக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே லண்டனில், கனடாவில் இருக்கும் உறவினர் மூலமும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு மூலமும் பழையது வருகிறது. இந்த வகைக் கமராவில் வெப்பத்தை உணரும் சில்லு லேசில் தேயாது. முதலில் சாவது பற்றரிதான். இரண்டு மூன்று வருடம் மேசை லாச்சிக்குள் கிடந்த கமராவை எடுத்தால் உயிர் வராது. 'பழுது' என்று தள்ளிவிடுகிறார்கள். நம்முடைய வியாபாரம் அங்கேதான் தொடங்குகிறது. கமரா விற்பதில் முதல் முடங்கும். பற்றரி, சார்ஜர், கேபிள், கைப்பட்டி, பெட்டி ஆகியவற்றில் முதல் சிறிது, ஓட்டம் அதிகம்.

சண்டிலிப்பாயில் ஒரு தம்பி வீட்டு விறாந்தையில் இருந்து இந்த வேலை செய்கிறார். கமராவின் பற்றரிப் பொதியை வெட்டித் திறந்தால் பல மாதிரிகளில் உள்ளே இருப்பது 18650 என்னும் உருளைக் கலம். 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். அந்தப் பெயரே அளவுதான். 2013 இல் வந்த ஃபிளிர் ஈ4 கமராவின் பற்றரி 3.6 வோல்ட். அது ஒரு லித்தியம் கலத்தின் வோல்ட். 7.2 என்று எழுதியிருந்தால் இரண்டைத் தொடராக இணைத்திருக்கிறார்கள். பழைய கலத்தை எடுத்து, அதே தரத்தில் புதியதை வைத்து, நிக்கல் பட்டியைப் புள்ளி வெல்டிங்கில் ஒட்ட வேண்டும். ஈயம் உருக்கி நேரே கலத்தில் பற்றவைத்தால் அந்தச் சூடே கலத்தைக் கெடுத்துவிடும். பாதுகாப்புப் பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு நேராக இணைத்துத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் சாமான் எடுக்காதீர்கள்.

யாழ்ப்பாணத்தாருக்குச் செத்த பற்றரியை எழுப்புவது புதிய கதையல்ல. 1990 இல் யுத்தம் மீண்டும் தொடங்கிய பின் குடாநாட்டுக்குப் பற்றரி வரத் தடை. ஜனங்கள் தீர்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்தார்கள், துளையிட்டு உப்புத் தண்ணீர் ஊற்றினார்கள், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். அந்த வருடம் ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட நாங்கள் அப்போது புத்தளத்தில் அகதி. திரும்பி வந்த பின் வாடிக்கையாளர் வாயால் கேட்டதுதான். அந்தக் கெட்டித்தனத்தை நான் மெச்சுகிறேன். ஆனால் அதை லித்தியத்தில் காட்டக் கூடாது. அந்தக் காலத்து உலர் பற்றரி கெட்டால் ஒழுகும், அவ்வளவுதான். லித்தியம் கலம் 2 வோல்ட்டுக்குக் கீழே போய் நாட்பட்டால் உள்ளே இருக்கும் செம்பு கரையத் தொடங்கும். அதை வற்புறுத்திச் சார்ஜ் ஏற்றினால் உள்ளுக்குள்ளேயே மின் சுருக்கு ஏற்பட்டுத் தீப்பிடிக்கலாம். உயிர் கொடுப்பது வேறு, மாற்றுவது வேறு. இரண்டையும் ஒரே விலையில் ஒரே பெயரில் விற்கிறவரைத்தான் நான் குறை சொல்கிறேன்.

கலம் வாங்குவதிலும் கண் வேண்டும். '9900' என்று அச்சடித்து வரும் 18650 கலங்களை மலிவு என்று அள்ளுகிறார்கள். இந்த அளவில் நல்ல கம்பனிக் கலமே 3500 மில்லி அம்பியர் மணி அளவில்தான் நிற்கிறது. சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம், நகைக்கடைத் தராசு போதும். நல்ல கலம் 45 கிராம் அளவு வரும். மிகவும் இலேசாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

கம்பனிப் பற்றரியையே தருவிக்கலாமே என்று கேட்பீர்கள். பழைய மாதிரிகளுக்கு அது கிடைப்பதே அரிது. அதோடு 2016 ஏப்ரல் 1 முதல் தனி லித்தியம் அயன் பற்றரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக் கூடாது. சரக்கு விமானத்தில் போனாலும் சார்ஜ் 30 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதித்தார்கள். வருகிற உறவினரிடம் சொல்லி விடுவதானால், 100 வாட் மணிக்குக் குறைந்த மாற்றுப் பற்றரியைக் கைப்பையில் முனைகளை மூடி எடுத்து வரலாம். பெரிய பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. எயார்லைன் விதியையும் முதலில் கேட்டுக் கொள்ளச் சொல்லுங்கள்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். நம் வியாபாரிகளில் சிலர் மாற்றிக் கட்டிய பொதியில் கம்பனி ஸ்டிக்கரை ஒட்டி 'ஒறிஜினல்' என்று கொடுக்கிறார்கள். "எல்லாரும் அப்படித்தானே நானா செய்கிறார்கள்" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். வாங்குகிறவன் கூரையில் ஏறி நிற்கிறவன், மின் பெட்டியைத் திறந்து வைத்திருப்பவன். தன் கையில் இருப்பது என்ன என்று அறியும் உரிமை அவனுக்கு உண்டு. குறையைச் சொல்லி விற்பது நமக்குப் பழக்கப்பட்ட காரியந்தானே? பழைய இரும்பு வியாபாரத்தில் துருவைக் காட்டித்தான் விலை பேசினோம்.

சண்டிலிப்பாய்த் தம்பியிடம் நான் வைத்த நிபந்தனை இதுதான். பொதியின் மேல் கலத்தின் பெயர், அளவு, மாற்றிய மாதம், மாற்றியவர் பெயர். மூன்று மாத உத்தரவாதம். கழற்றிய கலத்தின் முனைகளுக்கு ரேப் ஒட்டி, மண் நிரப்பிய தகர வாளியில் வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டும், குப்பையோடு போடக் கூடாது. அவர் முதலில் முகத்தைச் சுளித்தார். "பெயர் போட்டால் பிழை வந்ததும் என்னைத்தானே தேடி வருவார்கள்" என்றார். அதற்காகத்தான் போடச் சொல்கிறேன் என்றேன். இப்போது போட்டுத் தருகிறார். ஸ்டிக்கர் ஒட்டியதை விட என் கடையில் விலை குறைவாகவே வைத்திருக்கிறேன். சிலர் கம்பனிப் பெயர் இல்லையே என்று திரும்பிப் போகிறார்கள். போகட்டும்.