ஆறு பாதையை மாற்றியது; ஆள்வோர் எதை மாற்றினர்?

தோழரே!

இமயமலையில் கேதாரநாதத்துக்கு ஏறும் வழியை இந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் என்னோடு சற்று நடந்து பாருங்கள். காலால் அல்ல, கருத்தால்! பனி நம்மைத் தீண்டாது, கால் நோகாது. ஆனால் நெஞ்சு நோகாது என்று மட்டும் நான் உறுதி கூறமாட்டேன்.

மோட்டார் வண்டிகள் கௌரிகுண்டத்தோடு நின்றுவிடும். அது கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,980 மீட்டர் உயரத்திலுள்ள ஊர். கோயில் இருப்பதோ 3,580 மீட்டருக்கும் மேலே. நடுவிலே மந்தாகினி ஆறு. அதன் ஓரமாகவே பழைய பாதை சென்றது. நீளம் 14 கிலோமீட்டர். பாதி வழியில் இராம்பாரா என்றோர் ஊர். ஏறுவோரும் இறங்குவோரும் இளைப்பாறிய இடம். அதற்கும் மேலே கருட் சட்டி. ‘சட்டி’ என்பது அப்பக்கத்தில் வழிநடையாளர் தங்கும் இடத்துக்குப் பெயர்.

இன்று நடப்பவர் அந்த வழியே நடப்பதில்லை. இராம்பாரா இருந்த இடத்தில் ஊர் இல்லை. அங்கே பாதை பாலமேறி ஆற்றைத் தாண்டுகிறது. மறுகரையில் செங்குத்தாக லிஞ்சோலிக்கு ஏறுகிறது. பிறகே கேதாரத்தை அடைகிறது. 14 கிலோமீட்டராக இருந்த நடை ஏறத்தாழ 16 ஆயிற்று. வழிப்போக்கர் நிறைந்திருந்த கருட் சட்டி, அக்கரையில் ஆளரவமற்றுத் தனித்துப்போயிற்று.

பாதையை இடம் மாற்றியது யார்? அமைச்சரல்ல, பொறியாளரல்ல. ஆறு மாற்றியது, தோழரே, ஆறு!

2013-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 15-ஆம் நாள் மாலை தொடங்கி 24 மணி நேரத்தில், கோயிலுக்கு மேலேயுள்ள சோராபாரிப் பனியாற்று முகாமில் பதிவான மழை 325 மில்லிமீட்டர். பதிவு செய்தவர்கள் வாடியா இமயமலை நிலவியல் நிறுவனத்தார். 16-ஆம் நாள் மாலையிலேயே முதல் வெள்ளம் ஊரின் மேற்பகுதியை வாரிச் சென்றது. மறுநாள் காலை, பனியாறு ஒதுக்கிய கல்லும் மண்ணும் கரையாக அமைந்த சோராபாரி ஏரி உடைந்தது. சில நிமிடங்களில் ஏரி காலி! நீரோடு பாறைகள் உருண்டன. கோயில் நின்றது; ஊர் நிற்கவில்லை. இராம்பாரா இருந்த இடம் தெரியவில்லை. பாதை பல இடங்களில் மலையோடு பெயர்ந்து ஆற்றில் விழுந்தது.

மாண்டோரும் காணாமற்போனோருமாக 4,000-க்கும் மேற்பட்டோர் என்பது அரசாங்கக் கணக்கே. தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களும் அந்த வெள்ளத்திலே சிக்கித் தவித்தனர். தப்புவதற்காகக் காடேறி ஓடியவர்களில் பலர் பசியாலும் குளிராலும் மடிந்தனர். ஆண்டுகள் கழித்தும் அவர்தம் எலும்புகள் அம்மலைகளில் கண்டெடுக்கப்பட்டன. ஜூன் 25-இல் மீட்புப் பணியிலிருந்த விமானப்படை ஹெலிகாப்டர் கௌரிகுண்டத்துக்கருகே நொறுங்கி, அதிலிருந்த 20 பேரும் உயிர் துறந்தனர்.

“இயற்கையின் சீற்றம்! மனிதன் என் செய்வான்?” என்று அன்று ஆளவந்தார் கையை விரித்தனர். மழையை எந்த அரசாங்கமும் பெய்விக்கவில்லை, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மழை வருமுன் காக்க வேண்டியவர் யார்? அந்தக் கேள்விக்கு நான் விடை கூறத் தேவையில்லை; இந்திய அரசின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் கூறிவிட்டார். உத்தராகண்டில் 2007 அக்டோபரில் அமைக்கப்பட்ட மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் விதியோ, நெறியோ, கொள்கையோ எதையுமே வகுக்கவில்லை என்று அவரது அறிக்கை கூறியது. அறிக்கை வெளிவந்தது 2013 ஏப்ரலில். வெள்ளம் வந்தது ஜூனில்! ஆணையம் அமைத்தார்களாம்; அதற்கு ஆற்ற வேண்டிய பணியைத் தரவில்லையாம். பூட்டு வாங்கிக் கதவில் மாட்டாமல் பெட்டியில் வைத்திருந்தவன், திருடன் மீது மட்டும் பழி போடலாமா?

இன்னொன்று கேளுங்கள். பெருமழையை மணிக்கணக்கில் முன்னறிய உதவும் டாப்ளர் ராடார் ஒன்றுகூட 2013-இல் அம்மாநிலத்தில் இல்லை. முதலாவது ராடார் முக்தேசுவரத்தில் செயல்படத் தொடங்கியது 2021-இல். இடையில் ஓடியவை ஏழு ஆண்டுகளுக்கும் மேல். அவ்வேழாண்டும் மழை காத்திருந்ததா? மலை காத்திருந்ததா?

இனி அவர்கள் கூறும் அடுத்த சொல், ‘வளர்ச்சி’. மந்தாகினி மீது பாட்டா-ப்யூங், சிங்கோலி-பட்வாரி என இரு நீர்மின் திட்டங்கள் அப்போது கட்டப்பட்டுவந்தன. இரண்டையும் வெள்ளம் சிதைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதன்பேரில் இரவி சோப்ரா தலைமையில் வல்லுநர் குழு அமைந்தது. 2014-இல் அது அளித்த அறிக்கை, பார்வைக்கு வந்த 24 திட்டங்களில் 23 திட்டங்கள் மீளாத் தீங்கு விளைவிக்கும் என்று எச்சரித்தது. எச்சரிக்கையைக் கேட்டவர் என்ன செய்தனர்? 2016 டிசம்பரில் நான்கு தலங்களுக்கும் அகலச் சாலை என்று அடிக்கல் நாட்டினர். ஏறத்தாழ 900 கிலோமீட்டர்; மதிப்பீடு சுமார் 12,000 கோடி ரூபாய். 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்குச் சுற்றுச்சூழல் தாக்க ஆய்வு வேண்டும் என்பது விதி. ஆய்வைத் தவிர்க்க வழி கண்டனர்: ஒரு சாலையை 53 துண்டுகளாக வெட்டினர்! ஒவ்வொரு துண்டும் நூறுக்குக் குறைவு. காகிதத்திலே வெட்டிவிட்டார்கள், மலை காகிதமல்லவே, தோழரே! அடிவாரத்தை அறுத்தால் மேலிருப்பது சரியும் என்பதை மலையோரத்து மாட்டுக்காரச் சிறுவனும் அறிவான்.

இது ஒரு கட்சியின் குற்றம் மட்டுமன்று. 2013-இல் டேராடூனில் ஆண்டது காங்கிரஸ். 2017 முதல் ஆள வந்தது பாரதிய ஜனதா. நாற்காலியில் ஆள் மாறினர், நடப்பு மாறவில்லை. ஒருவர் உறங்கினார், மற்றவர் விழித்திருந்து வெட்டினார்!

இவற்றுக்கிடையே செய்யத் தக்கதைச் செய்தவர்களும் உண்டு. அவர்களை மறப்பது நன்றியன்று. உத்தரகாசியிலுள்ள நேரு மலையேற்ற நிறுவனத்தாரும் அவர்களோடு உழைத்த தொழிலாளரும் கொடும்பனியில் நின்று புதுவழி கண்டார்கள். 2014 மே மாதம் கோயில் திறந்தபோது மக்கள் அவ்வழியே நடந்தனர். அந்த மலையேறிகள் செய்தது என்ன? ஆறு எடுத்துக்கொண்ட கரையை ஆற்றுக்கே விட்டார்கள். ‘நேற்று நான் நடந்த இடம், இன்றும் எனக்கே’ என்று வீம்பு பேசவில்லை. ஒதுங்கினார்கள், உயர ஏறினார்கள், இரண்டு கிலோமீட்டர் கூடுதலாக நடக்கச் சம்மதித்தார்கள். மலையிடம் மனிதன் கற்க வேண்டிய முதற்பாடம் அதுதான். பாதை போட்டவன் கற்ற அந்தப் பாடத்தைத்தான் திட்டம் போட்டவன் கற்கவில்லை!

புதுப்பாதைக்கும் சோதனை வந்தது. 2024 ஜூலை 31-ஆம் நாள் இரவு மேகம் வெடித்துக் கொட்டியது. லிஞ்சோலி, பீம்பலிப் பக்கங்களில் பாதை பல இடங்களில் அறுந்தது. பல்லாயிரம் பேர் நடுவழியில் நின்றனர். ஹெலிகாப்டர்களும் மீட்புப் படையினரும் போய் அவர்களைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஆக, மறுகரைக்குப் போனால் மட்டும் போதாது. மழையின் போக்கும் மாறிக்கொண்டிருக்கிறது. பாதை தாங்கும் அளவு எவ்வளவு என்று கணக்கிட்டு அனுப்ப வேண்டாமா? 2012-இல் கேதாரம் சென்றவர் ஐந்தரை இலட்சத்துக்கும் சற்று மேல். 2023-இல் 19 இலட்சத்துக்கும் மேல்! பாதை நொந்தது, எண்ணிக்கை மும்மடங்கைத் தாண்டியது. எண்ணிக்கையைச் சாதனை என்று விளம்பரப்படுத்துகிறார்கள். சுமக்கும் மலையைக் கேட்டார்களா?

சுமக்கும் மனிதனையாவது கேட்டார்களா? அந்தப் பாதையில் பக்தனைத் தோளிலும் முதுகிலும் தூக்கிச் செல்பவன் நேபாளத்து ஏழை. கழுதையோட்டி கேதாரப் பள்ளத்தாக்கின் மைந்தன். 2013 வெள்ளத்தில் அப்பள்ளத்தாக்கின் தேவ்லி-பணிகிராம் இழந்த ஆண்கள் எத்தனையோ பேர். ‘விதவைகளின் ஊர்’ என்றே செய்தித்தாள்கள் அதனை எழுதின. 2022-இல் யாத்திரை தொடங்கிய சில வாரங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட கோவேறு கழுதைகள் அப்பாதையில் செத்து விழுந்தன. 2023 ஆகஸ்டுத் தொடக்கத்தில் கௌரிகுண்டத்தில் இரவு மலை சரிந்து சாலையோரக் கடைகளை ஆற்றில் தள்ளியது. கடையில் உறங்கியவர் சுமார் இருபது பேர் போயினர். பெரும்பாலோர் பிழைக்க வந்த நேபாளியர். அந்தப் பாதையிலே உயிரைப் பணயம் வைப்பவன் ஒருவன். பெயரைப் பொறித்துக்கொள்பவன் இன்னொருவன்!

இப்போது கயிற்றுவழி கொண்டுவருகிறார்கள். 2025 மார்ச் 5-ஆம் நாள் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது: சோன்பிரயாகையிலிருந்து கேதாரம்வரை 12.9 கிலோமீட்டர், 4,081 கோடி ரூபாய், எட்டொன்பது மணி நேர வழி 36 நிமிடமாகுமாம், ஒவ்வொரு திசையிலும் மணிக்கு 1,800 பேர். “முதியவரும் நோயாளியும் மேலே செல்ல வேண்டாமா?” என்று நம்மை மடக்குவார்கள். செல்லட்டும், தாராளமாக! ஹெலிகாப்டரைவிடக் கயிற்றுவழி காப்பானதென்றால் அதையும் ஏற்போம். 2022 அக்டோபரிலும் 2025 ஜூனிலும் அவ்வழியில் ஹெலிகாப்டர் விழுந்து ஏழேழு பேர் மாண்டதை மறக்கவில்லை. ஆனால் மேலே ஏற்றிவிட்ட கூட்டம் நிற்கும் இடம் எது? ஏரி உடைந்து புரண்டோடிய அதே வண்டல்மேடல்லவா? ஏறும் நேரத்தைக் குறைக்கலாம். ஏறியவரை ஏந்தும் நிலத்தின் அளவைக் கூட்ட முடியுமா? கழுதையோட்டிக்கும் தோள்கொடுப்பவனுக்கும் அடுத்த வேளைச் சோறு எங்கே என்பதற்குத் திட்டம் எங்கே?

நாம் பக்தியை எதிர்த்துப் பேசவில்லை. எவர் எந்த மலைக்கு எதற்காக ஏறினாலும், அவர் உயிரோடு இறங்கி வீடு சேர வேண்டும். அவ்வளவே நம் வாதம். பக்தர்மீது உண்மைப் பரிவு உள்ளவன் அவர்களை ஆற்றின் வாயில் கொண்டுபோய் நிறுத்தமாட்டான்.

நாம் கேட்பவை மிகையல்ல. பாதையும் பள்ளத்தாக்கும் தாங்கும் அளவை அறிவியலார் கணிக்கட்டும். அதற்குமேல் ஒருவரையும் அனுப்பாதீர்கள். பனியாற்று ஏரிகளை ஆண்டு முழுதும் கண்காணியுங்கள்; எச்சரிக்கை, கழுதையோட்டியின் காதுக்கும் போய்ச் சேரட்டும். சாலையைத் துண்டு போட்டு ஆய்வை ஏமாற்றாதீர்கள். சுமப்பவனுக்குக் கூலியுறுதியும் காப்பீடும், தங்க ஆற்றங்கரைக்கு அப்பால் ஓர் இடமும் கொடுங்கள். இந்த நான்கில் எது முடியாதது? எது நாட்டை ஓட்டாண்டியாக்கிவிடும்?

தோழரே! கிளைக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். ‘இமயம் எங்கேயோ இருக்கிறது’ என்று எவரேனும் கூறினால், அங்கே அறுந்த பாதையைக் காட்டுங்கள். அடிமேல் அடி பட்டபின் ஒரு மலைப்பாதை கரை மாறிற்று. ஆட்சியின் பாதையை மாற்ற இன்னும் எத்தனை இராம்பாராக்கள் வேண்டும்? ஆறு விண்ணப்பம் எழுதாது, தவணையும் தராது. கேட்டு வாங்க வேண்டியவர்கள் நாம்தான். அடுத்த வெள்ளத்துக்கு முன் கேட்போம்!