கொண்டாரே கொடுப்பாராக!

நிகர்ப்பகிர்வு மென்பொருள் என்னும் பெயரைக் கேட்ட அளவிலேயே தமிழாசிரியர் பலரும் நூலகர் பலரும் முகஞ் சுளிக்கின்றனர். "அது திரைப்படத் திருடர் கைக்கருவி அன்றோ!" என்பது அவர்தம் தீர்ப்பு. அத் தீர்ப்பில் பாதி உண்மை, பாதி அறியாமை. கள்வன் நடந்த தெரு என்பதற்காக ஊரார் தெருவையே தூர்த்துவிடுவதில்லை. 2012-ஆம் ஆண்டில் '3' என்னும் திரைப்படத்தின் பொருட்டுச் சென்னை உயர் அறமன்றத்தில் பெற்ற தடையாணையைக் காட்டி, இணைய இணைப்பு நிறுவனங்கள் வலைத்தளங்கள் பலவற்றை முற்றாக மூடிவிட்டன. அவ்வாண்டு சூன் திங்களில் அம்மன்றமே, குற்றப் பொருள் உள்ள தனி முகவரியைத்தான் தடுத்தல் வேண்டும், தளம் முழுவதையும் அன்று எனத் தெளிவுறுத்தியது. மன்றம் கண்ட வேறுபாட்டைக் கற்றறிந்தார் இன்னுங் காணாமலிருப்பதால் இழப்பு யாருக்கு? திரைப்படத் திருடனுக்கு அன்று, தமிழ் நூலுக்கே!

நிகர்ப்பகிர்வு என்பது யாது? பொதுவாக இணையத்தில் ஒரு நூற்கோப்பு ஏதேனும் ஒரு நிறுவனத்தின் கணினியில் இருக்கும். அதனை வழங்கி என்பர். வேண்டுவோர் ஆயிரவராயினும் அந்த ஒரு வாயிலில்தான் வந்து நிற்றல் வேண்டும். வாயில் மூடின் ஆயிரவரும் வெறுங்கையர். நிகர்ப்பகிர்விலோ வழங்குவோன் வேறு, வாங்குவோன் வேறு என்னும் பிரிவே இல்லை. கூட்டத்தில் உள்ள ஒவ்வொரு கணினியும் மற்றதற்கு நிகர். வாங்கிக்கொண்டிருக்கும்போதே வழங்கவுஞ் செய்யும்.

அச்சில் இல்லாத நூல் ஒன்று ஒரு வகுப்பில் ஒரே படியாக இருக்கின்றது என்று கொள்க. நாற்பது மாணவரும் ஒருவர்பின் ஒருவராக அதனை முழுதும் படியெடுப்பதாயின் ஆண்டு ஒன்று கழிந்துவிடும். கட்டைப் பிரித்து ஆளுக்கு ஓர் இதழ் கொடுத்து, எழுதியதைத் தம்முள் மாற்றிக்கொள்ளச் செய்தால் சில நாளில் நாற்பது படி ஆகிவிடும். பிராம் கோயன் என்னும் அமெரிக்கர் 2001-இல் வெளியிட்ட பிட்டொரெண்டு என்னும் நெறிமுறை செய்வது இதுவே. நூறு மெகாபைட்டு அளவுள்ள கோப்பை 256 கிலோபைட்டுத் துண்டுகளாக அறுத்தால் 400 துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பெண் உண்டு. வழியில் ஓரெழுத்துச் சிதைந்தாலும் எண் பொருந்தாது. மென்பொருள் அத் துண்டை எறிந்துவிட்டு வேறொருவரிடம் கேட்கும். ஏடு எழுதினோர் கைப்பிழையால் பாடவேறுபாடு மலிந்த தமிழ்நூல் வரலாற்றை அறிந்தவர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். இன்னொரு விதியும் அதில் உண்டு. கூட்டத்தில் எத் துண்டு மிகச் சிலரிடமே உள்ளதோ அதனையே ஒவ்வொரு கணினியும் முற்பட வாங்கும். அரியது அழியுமுன் பெருகுதல் வேண்டும் என்னும் இவ்விதியை ஒரு கணினி வல்லுநர் எழுதினார். நூலகங்கள் பல இன்னும் எழுதவில்லை.

இதற்கு முன்னர் 1999-இல் தோன்றிய நேப்சுடர், பாட்டுக் கோப்புகளைப் பயனர் தம்முள் மாற்றிக்கொள்ள விட்டதாயினும், யாரிடம் எது உண்டு என்னும் பட்டியலைத் தன்னிடத்திலேயே வைத்துக்கொண்டது. வழக்கில் தோற்று 2001-இல் அப் பட்டியல் மூடப்பட்டதும் பகிர்வும் ஓய்ந்தது. பிட்டொரெண்டிலும் முதற்கண் தடங்காட்டி என ஒரு கணினி தேவைப்பட்டது. 2005 முதல் அப்பட்டியலும் கூட்டத்தாரிடையே சிதறிக் கிடக்குமாறு வழி கண்டனர். இன்று தடங்காட்டி இறந்தாலும் கூட்டம் இறவாது. கூட்டம் எப்போது இறக்கும்? கொடுப்பார் அற்றபோதுதான்.

புதிதாக இம் மென்பொருளை நிறுவியவர் கூறும் முதற்குறை பெரும்பாலும் இதுவே: "தொண்ணூற்றொன்பது விழுக்காடு வந்தது, அப்பால் ஓர் இம்மியும் நகரவில்லை. மென்பொருள் பழுது." பழுது மென்பொருளில் இல்லை. நானூறு துண்டில் முந்நூற்றுத் தொண்ணூற்றாறு கூட்டத்தில் உலவுகின்றன; எஞ்சிய நான்கையும் வைத்திருந்தவர் நேற்றிரவு கணினியை அணைத்துவிட்டுப் போய்விட்டார்! முழுப்படியை உடையவராய்ப் பிறர்க்கு வழங்கிக்கொண்டிருப்பாரை விதைப்பவர் என்பது வழக்கு. தமக்கு வேண்டியது வந்தவுடன் கழன்றுகொள்வாரை ஆங்கிலர் அட்டை எனப் பொருள்படும் சொல்லாற் குறிப்பர். குருதி நிரம்பியதும் உதிர்ந்துவிடும் அவ்வுயிரினும் பொருத்தமான உவமை கிடைத்தல் அரிது. மென்பொருளில் கிடைப்பளவு என்றோர் எண் காணப்படும். அது ஒன்றுக்குக் குறைந்து 0.99 என நின்றால், உலகில் அப்போது இணைந்துள்ளார் அனைவரும் கூடினும் அந் நூல் முழுமைபெறாது என்பது பொருள். அந்நிலையில் கணினியை அணைத்து அணைத்து எழுப்புவதும், மென்பொருளை நீக்கி நீக்கி நிறுவுவதும் வீண். செய்யக்கூடியது காத்திருத்தல் ஒன்றே.

தொடங்குவார் முதலில் நல்ல மென்பொருளைத் தெரிதல் வேண்டும். கியூபிட்டொரெண்டு, திரான்சுமிசன் ஆகிய இரண்டும் விலையில்லாதவை; விளம்பரம் இல்லாதவை; அவற்றின் நிரல் யாவரும் பார்க்குமாறு திறந்து வைக்கப்பட்டது. பெரும்புகழ் பெற்ற மியூடொரெண்டு அத்தகையதன்று. 2015-இல் மின்பணம் ஈட்டும் வேறொரு மென்பொருள் அதனுடன் சேர்ந்து பயனர் கணினிக்குள் புகுந்தது பெருங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. திறந்த மென்பொருள் என்பதாலேயே கண்ணை மூடிக்கொள்வதும் தகாது. 2016 மார்ச்சுத் திங்களில் திரான்சுமிசனின் சொந்தத் தளத்திலேயே, மேக்கு கணினிக்குரிய 2.90 பதிப்பில் கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் நச்சுநிரலைக் கயவர் புகுத்திவிட்டனர். ஆகலின் எம்மென்பொருளையும் அதற்குரிய தளத்திலிருந்தே இறக்கி, அங்குத் தந்துள்ள சரிபார்ப்பெண்ணோடு ஒப்பிட்டபின் நிறுவுதல் நன்று. நூல் என்று பெயரிட்டு வரும் கோப்பின் இறுதியில் 'இஎக்சுஇ' என்னும் ஈறு இருந்தால் அது நூலன்று, திறவாமல் அழித்துவிடுக.

நிறுவிய பின், பகிர்வுச் சீட்டு எனத்தக்க ஒரு சிறு கோப்பையோ காந்தத் தொடுப்பு எனப்படும் நீண்ட முகவரியையோ மென்பொருளில் திறந்தால் வேலை தொடங்கும். முதற்பயிற்சிக்கு எடுத்த எடுப்பில் அரிய தமிழ் நூலொன்றைத் தேடிச் செல்லுதல் வேண்டா. தெபியன் என்னும் இயங்குதளத்தின் நிறுவற்கோப்பை அதன் தளமே பகிர்வுச் சீட்டாகத் தருகின்றது. சட்டத்துக்கு உட்பட்டது, விதைப்பவரும் உலகெங்கும் பலர். அது விரைந்து வந்தால் மென்பொருளும் இணைப்பும் நலமாயுள்ளன என்று தெளியலாம். அதன்பின் தமிழ் நூல் வாராதொழியின் குறை எங்குள்ளது என்பதில் ஐயமே இல்லை.

தெபியனும் வாராவிடில் குறை வீட்டில்தான். விண்டோசுக் கணினியின் தீயரண் முதல்முறை கேட்கும் கேள்விக்கு அச்சத்தால் 'இசையேன்' என்று விடையளித்தோர் பலர். அவ் அமைப்பில் மீண்டும் சென்று மென்பொருளுக்கு இசைவு தருதல் வேண்டும். அடுத்தது துறை. கப்பலுக்குத் துறைபோலக் கணினிக்கும் எண்ணிட்ட துறைகள் உண்டு. பிட்டொரெண்டுக்கு 6881 முதல் 6889 வரை தொன்றுதொட்டு வழங்கியவை. அவற்றை மடக்கும் இணைப்பு நிறுவனங்களும் இருந்ததால், 49152-க்கு மேற்பட்ட ஓரெண்ணைத் தெரிந்துகொள்வது நலம். (அமெரிக்கக் கோம்காசுட்டு நிறுவனம் இத்தகைய இணைப்புகளை மறைவாக அறுத்துவந்தது 2007-இல் வெளிப்பட்டு, அடுத்த ஆண்டே அரசு ஆணையத்தின் கண்டனத்தைப் பெற்றது; 2010-இல் மேல்மன்றம் அவ் ஆணையைத் தள்ளிவிட்டது.) வீட்டுத் திசைவியில் அத்துறையைத் திறந்துவிடும் அமைப்பும் இருக்கும்.

கைப்பேசி வழி இணையம் பெறுவார்க்கு இன்னொரு முடிச்சு. அந் நிறுவனங்கள் பல வாடிக்கையாளரை ஒரே பொதுமுகவரிக்குள் அடைத்துவிடுகின்றன. ஒரே கதவெண் உள்ள பெரிய விடுதியில் அறை தெரியாமல் அஞ்சற்காரர் நிற்பதுபோல, வெளியிலிருந்து வரும் இணைப்பு உள்ளே நுழைய வழியின்றி நிற்கும். இத்தகையோர் பிறரைத் தேடிச் சென்று வாங்கலாம். பிறர் இவரைத் தேடி வரல் அரிது. தமிழ் நூலின் ஒரே விதைப்பவரும் ஒரே வாங்குவோரும் இவ்வாறு அடைபட்டவராயின், இருவரும் விழித்திருந்தும் ஒருவரை ஒருவர் காணார்! ஆறாம் பதிப்பு இணைய முகவரி கிடைக்கும் இடத்தில் அதனை இயக்கிவைப்பது இம்முடிச்சைப் பெரும்பாலும் அவிழ்க்கும்.

ஏற்றுமளவைச் சுழியத்தை ஒட்டி வைத்துக்கொள்ளும் கருமியும் உண்டு. தான் கொடாமல் பிறரிடம் கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. பிட்டொரெண்டு தனக்குக் கொடுப்பார்க்கே முந்திக் கொடுக்கும் இயல்பினது. ஆகவே கருமிக்குக் கடைசி இடமே. அதற்காக ஏற்றும் வலிமை முழுவதையும் திறந்துவிட்டால் வீட்டின் பிற இணையப் பணிகள் திணறும். ஐந்தில் நான்கு பங்கு என வரையறுத்தால் இரண்டும் நடக்கும். நான்கு கிகாபைட்டினும் பெரிய கோப்பைப் பழைய முறையில் வடிவமைத்த விரற்கோலில் இறக்கினால் இடமிருந்தும் பிழை காட்டும். இது சிறு குறை. கற்றவர் செய்வது வேறு. வந்த கோப்பின் பெயர் பிடிக்கவில்லை என்று அழகிய தமிழ்ப்பெயர் சூட்டி வேறு உறைக்குள் மாற்றிவிடுவர். அன்றே விதைப்பு நின்றுவிடும். மென்பொருள் பழைய பெயரைத் தேடிக் காணாமல் நிற்கும். பெயரையும் இடத்தையும் மென்பொருளுக்கு உள்ளிருந்தே மாற்றுதல் வேண்டும். மாற்றிவிட்டவர் முன்னிருந்தபடி வைத்து மறுசரிபார்ப்பை இயக்கினால் மீண்டும் விதைக்கத் தொடங்கும்.

இத்துணைப் பாடும் எதற்கு? மதுரைத் திட்டம் 1998 பொங்கல் நாளில் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு இணையத்தில் வைத்தது. 2005-இல் தொடங்கிய 'நூலகம்' ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்படியாக்கி வருகின்றது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் உண்டு. அமெரிக்காவிலுள்ள இணைய ஆவணக் காப்பகத்திலும் தமிழ் நூற்படங்கள் மலிந்துள்ளன. தொண்டு பெரிது, ஐயமில்லை. ஆயினும் வாங்குவோர் செல்வது அவ்வவ் வழங்கியின் ஒற்றை வாயிலுக்கே. 2024 அத்தோபர் திங்களில் அவ் ஆவணக் காப்பகம் இணையக் கயவரின் தாக்குதலுக்கு உள்ளாகிப் பல நாள் மூடிக்கிடந்தது. 3 கோடிக்கு மேற்பட்ட பயனர் குறிப்பும் களவு போயின. அக் காப்பகம் 2012 முதல் தன்பாலுள்ள நூல்களுக்குப் பகிர்வுச் சீட்டும் தந்துவருகின்றது. ஆயின் அச் சீட்டில் விதைக்கும் இடமாகக் குறிக்கப்படுவது அக் காப்பகத்தின் வழங்கியே. வேறு ஒருவரேனும் விதையாத நூலுக்கு, காப்பகம் மூடிய நாளில் அச்சீட்டு வெறுந்தாள்.

யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981-ஆம் ஆண்டு மே 31 இரவு எரியூட்டப்பட்டபோது, 97,000 அளவினவான நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. தீ எல்லா நூலையும் ஒப்பவே எரித்தது, இழப்பு ஒப்பானதன்று. வேறோர் ஊரில் படி இருந்தது மீண்டது, படியில்லாதது மீளவில்லை. தமிழர் இதனைக் கண்ணீரோடு ஆண்டுதோறும் நினைக்கின்றனர். நினைத்தவர் எத்துணைப் பேர் தம் கணினியில் ஒரு நூலையேனும் விதைத்து வைத்துள்ளனர்?

"டெலிகிராம் குழுவில் நூல்கள் குவிந்துள்ளனவே, அது போதாதா?" என்பார் உளர். அஃது அயல்நிறுவனம் ஒன்றன் வழங்கி. குழுவை மூடுவது அதன் விருப்பம். மேலும் அங்குக் குவிவனவற்றுள் நேற்று வெளிவந்த நூலின் திருட்டுப்படியும் கலந்துள்ளது. தாளுக்கும் அச்சுக்கும் கடன்பட்டுத் தமிழ் நூல் வெளியிடும் சிறு பதிப்பகத்தாரின் வயிற்றில் அடிப்பது தமிழ்த்தொண்டு ஆகாது. பகிரத்தக்கவை எவை? தமிழக அரசு தொகை கொடுத்து நாட்டுடைமை ஆக்கியவை. பாவாணர் நூல்களும் அவற்றுள் அடங்கும். ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டு கடந்தவை. உரிமையுடையாரே விடுத்தவை. இம் மூன்றுமே வாழ்நாள் முழுதும் விதைத்தாலும் தீராத குவியல்! கூட்டத்தில் இருப்பார் ஒவ்வொருவர் இணைய முகவரியும் மற்ற அனைவர்க்கும் தெரியும் என்பதையும் அறிந்தே இறங்குதல் வேண்டும். உரிய நூலை வழங்குவார்க்கு அதனால் இழுக்கொன்றும் இல்லை.

இனி மின்கட்டணத்தைச் சொல்லி ஒதுங்குவார் எஞ்சுவர். விதைப்பதற்குப் பெரிய கணினி இரவும் பகலும் எரிதல் வேண்டா. இராசுபெரி பை என்னும் உள்ளங்கையளவுச் சிறுகணினி ஏறத்தாழ 5 வாட்டு மின்னாற்றலில் இயங்கும். நாள் முழுதும் ஓடினும் திங்களுக்கு நான்கு அலகை எட்டாது. அதில் 64 கிகாபைட்டு நினைவட்டை ஒன்றைச் செருகினால், நூலொன்றுக்கு 40 மெகாபைட்டு எனக் கொள்ளினும் ஆயிரத்தைந்நூறு நூல் அடங்கும். பள்ளி நூலகத்து நிலைப்பேழையின் மேல் ஒரு சாண் இடமும், அருகில் ஒரு மின்செருகியும் போதும்.