விமானம் கேட்கப் போனோம்

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் எங்கள் குமரி மாவட்டத்தைத் தாக்கியபோது என் வீட்டுக்காரர் ஆழ்கடலில் இருந்தார். விமானம் அனுப்பித் தேடச் சொல்லி, மனு எழுதிக்கொண்டு பெண்கள் எல்லோரும் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். "படகு நம்பர் என்னம்மா? கடைசியா எந்தப் பக்கம் நின்னாங்க?" என்று கேட்டார்கள். எனக்குப் படகின் பெயர் மட்டும்தான் தெரியும். கூட வந்தவர்களுக்கும் அப்படியே.

கடலோரக் காவல் படையின் டோர்னியர் விமானம் வெகுதூரம் போய்த் தேடும். ஆனால் ஆளைத் தூக்காது. தூக்குகிற ஹெலிகாப்டரோ அத்தனை தூரம் போகாது. இடம் தெரியாமல் எதை அனுப்புவார்கள்? இதெல்லாம் அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்காக அதிகாரிகள் மேல் தப்பில்லை என்று சொல்ல வரவில்லை. அந்த மனுவோடு மூன்று இடம் அலைந்தோமே! படகு கிளம்பும்போதே விவரத்தை எழுதி வாங்கி, ஒரு நகலை வீட்டுப் பெண்ணிடம் கொடுக்கக் கூடாதா? கடலில் ஆபத்தென்றால் கூப்பிட 1554 என்ற இலவச எண் இருப்பதைக்கூட எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

எட்டாம் நாள், அவர் லட்சத்தீவில் இருப்பதாகப் போன் வந்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு அப்படி ஒரு போன் வரவேயில்லை.

இப்போது படகு எண், நிறம், ஆட்கள், போகும் திசை, திரும்பும் நாள் எல்லாம் என் அடுப்படிக் காலண்டரில் இருக்கிறது. "ஏட்டி, எனக்கு நாள் குறிக்கியா?" என்று கேலி பண்ணுவார். பண்ணட்டும்.

- ஒரு மீனவர் மனைவி, குமரி மாவட்டம்