‘நீங்க போயிட்டா யாரு பார்ப்பா?’: புது ஃபிரேம்வொர்க்கை வாடிக்கையாளர் ஏற்பது எப்போது?

இணையதளம் செய்ய வரும் வாடிக்கையாளரிடம் ‘ரியாக்ட்’ என்று சொன்னால் தலையாட்டிவிடுவார். ‘ஸ்வெல்ட்’ என்றால், “அது என்னங்க? நாளைக்கு நீங்க போயிட்டா யாரு பார்ப்பா?” என்று கேட்பார். பல டெவலப்பர்கள் இதற்கு வேகக் கணக்கைக் காட்டுகிறார்கள். கேட்டது ஒன்று, கிடைக்கும் பதில் வேறொன்று.

என்ன வித்தியாசம்?

ரியாக்ட், 2013-ல் ஃபேஸ்புக் பொதுவில் வெளியிட்டது. ஸ்வெல்ட், செய்தித்தாள்களில் பணியாற்றிய ரிச் ஹாரிஸ் 2016-ல் கொண்டுவந்தது. ரியாக்டில் செய்த தளத்தைத் திறந்தால், தளத்தின் கோடுடன் ரியாக்டின் கோடும் சேர்ந்தே போனுக்கு இறங்கும். ஸ்வெல்ட் வேலையின் பெரும்பகுதியை முன்கூட்டியே முடித்து, சாதாரண ஜாவாஸ்கிரிப்டாக மாற்றி அனுப்பும். சின்னத் தளங்களில் இறங்கவேண்டிய அளவு குறையும். விலை குறைந்த போனில் இந்த லாபம் நன்றாகவே தெரியும்.

பிரபலமானது என்றால் பத்திரமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்குப் பதிலாக, 2016-ல் முற்றிலும் புதிதாக எழுதப்பட்ட ஆங்குலர் வந்தது. பழையதற்கான ஆதரவு 2021 முடிவோடு நின்றுபோனது. அதில் தளம் வைத்திருந்தவர்களுக்கு மாறுவது பெரிய வேலையானது. ஸ்வெல்ட்டும் விதிவிலக்கு இல்லை. 2024-ல் வந்த 5-ஆம் பதிப்பு கோடு எழுதும் முறையையே மாற்றியது. ரியாக்ட் தெரிந்தவர்கள் எளிதில் கிடைப்பார்கள் என்பதும் உண்மைதான். ஆக, வாடிக்கையாளரின் பயம் நியாயமானது.

அப்படியென்றால் எப்படிச் சம்மதிக்க வைப்பது?

ரிஸ்க்கை டெவலப்பர் தன் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். முதலில், முழுத் தளத்தையும் மாற்றாமல் கட்டணக் கணக்கீடு போன்ற ஒரே பக்கத்தைச் செய்து காட்டலாம். இரண்டாவது, டொமைன், ஹோஸ்டிங், கோடு எல்லாம் வாடிக்கையாளர் பெயரிலேயே இருக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம்: பராமரிப்புக் குறிப்பை எழுதிக் கொடுத்து, அதை மட்டும் பார்த்து வேறொரு டெவலப்பர் ஒரு சின்ன மாற்றத்தைச் செய்து முடித்த பிறகே கடைசித் தவணையை வாங்க வேண்டும். “யாரு பார்ப்பா?” என்ற கேள்விக்கு அப்போதுதான் கண்முன்னே ஒரு ஆள் நிற்பார்.

வாடிக்கையாளரிடம் ஏற்கெனவே ரியாக்ட் தெரிந்த குழு இருந்தால், இந்தப் பேச்சையே எடுக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதித் தரத் தயங்கும் டெவலப்பரும் பேசாமல் ரியாக்டிலேயே செய்து கொடுத்துவிடலாம்.